ஒரு பென்சில் மட்டும் ஏன் தேய்கிறது?

அண்ணே, போன சனிக்கிழமை தண்டையார்பேட்டை மேற்படிப்பு ஆலோசனை முகாமுக்கு நீங்களும் பாப்பாவும் வந்தபோது பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அவசரத்தில் பாதிதான் பேச முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சிலர் வந்ததால் பொதுவில் போடுகிறேன், பெயர் இல்லாமல்.

"தண்ணியில கரண்ட் விட்டு கேஸ் எடுக்கிறா சார், தம்பி பென்சிலெல்லாம் காலி. இதையெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். பென்சில் விஷயத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆப்ப சோடா கரைத்த டம்ளர், இரண்டு முனையும் சீவிய இரண்டு பென்சில், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. பேட்டரியின் கழித்தல் முனையில் ஹைட்ரஜன், கூட்டல் முனையில் ஆக்சிஜன். குமிழி வந்ததும் போட்டோ எடுத்துவிட்டு எழுந்து போகிற பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் மகள் மூன்று பேட்டரி தீரும்வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். டம்ளர் அடியில் கறுப்புத் தூள். "ஏன் சார் ஒரு பென்சில் மட்டும் தேயுது?" என்று என்னைக் கேட்டாள். கூட்டல் பக்கம் பிறக்கும் ஆக்சிஜன் பென்சிலின் கரியையும் சேர்த்து அரிக்கிறது, குமிழி அதைப் பிய்த்துத் தள்ளுகிறது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் மண்டையை உடைத்துக்கொள்வது ஏறக்குறைய இதே கேள்வியோடுதான். (உப்பு போட்டால் குளோரின் வரும், அது வேண்டாம். மூடிய பாட்டிலில் செய்வதும் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும்.)

அவள் புத்தகத்தில் 'வினையூக்கி' (வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) என்று இருப்பதைத்தான் மணலி ரிஃபைனரியில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பராமரிக்கும்) வேலைக்குப் போகும் நீங்கள் 'கேட்டலிஸ்ட்' என்கிறீர்கள். ரியாக்டரைத் திறந்து பழையதை அள்ளிப் புதியதை நிரப்புவதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! டீசலில் உள்ள கந்தகத்தை எடுக்க ரிஃபைனரிக்கு ஹைட்ரஜன் வேண்டும். பக்கத்து உர ஆலையில் அமோனியா செய்யவும் அதுதான் வேண்டும். இப்போது அதை இயற்கை எரிவாயு, நாப்தாவில் இருந்து எடுக்கிறார்கள். எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது பத்து கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. அதற்குப் பதிலாகச் சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுக்க முடியுமா என்பதுதான் இப்போதைய பேச்சு. அப்படி எடுப்பதைத்தான் 'கிரீன் ஹைட்ரஜன்' என்கிறார்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு இதற்கு 19,744 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

தண்ணீரைப் பிரிக்க கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 1.8, 2 என்று போகிறது. அந்தக் கூடுதலைக் குறைக்கத்தான் கேட்டலிஸ்ட். தண்ணீரைப் பிரிக்கும் மெஷினுக்கு எலக்ட்ரோலைசர் என்று பெயர். அதில் அமிலச் சவ்வு வகையில் கூட்டல் பக்கம் தாக்குப்பிடிப்பது இரிடியம் என்ற அரிய உலோகத்தின் ஆக்ஸைடுதான். ஆனால் உலகம் முழுக்க ஒரு வருடத்துக்குக் கிடைக்கும் இரிடியம் ஏழெட்டு டன். ஒரு லாரி லோடு, அவ்வளவே. கார வகையில் மலிவான நிக்கலும் இரும்பும் போதும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. சாயங்காலம் வெயில் இறங்கி மெஷின் நிற்கும்போது கரண்ட் சற்று நேரம் எதிர்ப்பக்கம் ஓடி எலக்ட்ரோடை (பாப்பாவின் பென்சில் இடத்தில் இருப்பதை) கெடுக்கும்.

ஒரு ஸ்டேக் (எலக்ட்ரோலைசரில் தண்ணீரைப் பிரிக்கும் அடுக்கு) 60,000 மணி நேரமாவது உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ராப்பகலாக ஓடினால் கிட்டத்தட்ட ஏழு வருடம். ஆய்வுக் கட்டுரைகளில் நூறு மணி நேரம் ஓடியதையே பெருமையாக எழுதுகிறார்கள். நாலு நாள்! பிஎச்.டி. முடிக்கவே ஐந்து வருடம் ஆகும், அதற்குள் எப்படி ஏழு வருடத்தைச் சோதிப்பது? அதனால் வோல்ட்டை ஏற்றி இறக்கி, நிறுத்தி நிறுத்தி ஓட்டி, கரைசலில் எத்தனை துளி உலோகம் கரைந்து வந்தது என்று அளக்கிறார்கள். தேவைப்படும் வோல்ட் மணிக்கு ஐந்து மைக்ரோவோல்ட் (வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) ஏறினால் யார் கண்ணிலும் படாது. 60,000 மணி நேரத்தில் அது 0.3 வோல்ட். கரண்ட் பில்லில் ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். இந்த வேலைக்கு மின்னல் மூளையைவிட, ஒரே வரைபடத்தை மாதக்கணக்கில் அலுக்காமல் பார்க்கும் குணம்தான் வேண்டும். எனக்குத் தெரிந்து பாப்பாவுக்கு அது இருக்கிறது.

சரி, வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த ஒன்றை மட்டும் நம்பி இன்று நம் நாட்டில் இருக்கும் இடங்கள் குறைவு. எல் அண்ட் டி ஹசீராவில் எலக்ட்ரோலைசர் செய்கிறது, பெங்களூருவிலும் செய்கிறார்கள். ஆய்வு வேலை என்றால் பிஎச்.டி. இல்லாமல் நடக்காது. அதனால் 'கிரீன் ஹைட்ரஜன்' என்று பெயர் வைத்த பட்டப்படிப்பில் சேர்க்காதீர்கள். அப்படி லட்சக்கணக்கில் கட்டிய ஒரு பையன் இரண்டாம் வருடம் என்னிடம் வந்தான். லேபில் இருந்தது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாடல் மட்டும்.

அடிப்படைப் படிப்பாக இருக்கட்டும். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. அங்கே அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். நடக்கிறது. என் முதல் விருப்பம் அது. விடுதிக்கு அனுப்ப மனசு வரவில்லை என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி ஏ.சி.டெக் கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங். ஆறாவது முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணம் அரசின் பொறுப்பு. கட் ஆஃப் எட்டாவிட்டால் பயப்பட வேண்டாம். பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் ஜாம் (எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு) எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. இது சுற்றுவழிதான், ஆனால் மோசமான வழி இல்லை.

"முப்பது வயசு வரைக்கும் நான்தான் சோறு போடணுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். வேண்டாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. ஹைட்ரஜன் பேச்சு நாளைக்கே அடங்கிப் போனாலும் மின்வேதியியல் தெரிந்தவருக்கு பேட்டரி, துருத்தடுப்பு, முலாம் பூசுதல், மணலியிலேயே இருக்கும் காஸ்டிக் சோடா ஆலை என்று நாலு கதவு திறந்திருக்கும். எண்ணூர் கடற்காற்றில் துரு என்ன செய்யும் என்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை கண்டிப்பாக வாருங்கள். அதற்குள் எச்.பி. பென்சில் ஒன்று, 2பி பென்சில் ஒன்று எடுத்து, எது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். தம்பிக்கு ஒரு பாக்கெட் பென்சில் நான் வாங்கி வைக்கிறேன்.