கொதித்து நிற்கும் செயின்சா: திருகை ஏன் தொட்டீர்கள்?

கேள்வி: கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க 2018இல் 58 சிசி செயின்சா வாங்கினோம். அண்மையில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் புகை கக்கி, முக்கி அணைந்தது. பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னபடி கார்புரேட்டரின் இரண்டு திருகுகளையும் அரைச் சுற்று உள்ளே திருகினேன், ஓரளவு ஓடியது. மறுநாள் ஏர் ஃபில்டரைக் கழுவி மாட்டினேன். இப்போது வீறிட்டு ஓடுகிறது; பத்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
– பேராவூரணி பகுதி விவசாயி

பதில்: முதலில் கயிற்றை இழுப்பதை நிறுத்துங்கள். இன்னும் இரண்டு முறை இப்படி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் இயந்திரத்துக்கு வந்தது மூச்சடைப்பு. தென்னைத் தூள் மிக நுண்மையானது. ஃபில்டரில் மாவுபோல் அப்பிவிடும். காற்று குறைந்ததால் பெட்ரோல் மிகுந்து புகைந்தது. ஃபில்டரைக் கழுவியிருந்தாலே போதும். நீங்களோ திருகை உள்ளே திருகிப் பெட்ரோலைக் குறைத்தீர்கள். பிறகு காற்றையும் திறந்துவிட்டீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் உராய்வைத் தடுக்கும் ஆயிலும் குறையும். அந்த வீறிடலை வேகம் என்று மகிழ வேண்டாம், அது அலறல்.

எஞ்சின் ஆறியதும் சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியே பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மேற்கொண்டு படிக்க வேண்டாம். வழவழப்பாக இருந்தால் தப்பித்தீர்கள். சைலன்சர் வலையில் கரி அடைத்திருந்தால் அதையும் தேய்த்துவிடுங்கள்.

டேங்கில் பழைய கலவை இருந்தால் கொட்டிவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். புதிய பெட்ரோலில் டூ-டி ஆயில் (2T, டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலக்கும் அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். 25க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. டிராக்டருக்கு ஊற்றும் ஆயில் இதற்கு ஆகாது. டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள், விலை சொற்பம்தான்.

இனித்தான் திருகு. கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான எல் (L), முழு வேகத்துக்கான எச் (H) திருகுகள் இரண்டையும் மெல்ல உள்ளே திருகுங்கள். தட்டியதும் நிறுத்திவிட வேண்டும், இறுக்கினால் ஊசிமுனை கெடும். அங்கிருந்து ஒரு சுற்று வெளியே எடுங்கள். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். எல் திருகை இருபுறமும் திருப்பி, ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம்) அதிகமாகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாக வெளியே திறங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தியதும் தயங்காமல் ஏற வேண்டும். ஐடிலிங்கில் செயின் சுற்றினால், ஐடிலிங் வேகத்தை அமைக்கும் டி (T) திருகை வெளிப்புறமாகத் திருகிச் செயினை நிறுத்துங்கள். சுற்றும் செயினோடு தோப்பில் நடப்பது காலைப் பணயம் வைப்பது.

எச் திருகுக்குக் காதுதான் கருவி. மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஓரிரு நொடி மட்டும் அழுத்துங்கள். சுத்தமான கீச்சொலி கேட்டால் பெட்ரோல் போதவில்லை. சிறிது சிறிதாக வெளியே திறங்கள். ஒலி லேசாக உடைந்து திக்க வேண்டும். மரத்தில் பல் பதிந்ததும் அந்தத் திக்கல் மறைந்தால் திருகு சரியான இடத்தில் நிற்கிறது. ஒரு நாள் வேலைக்குப் பிறகு பிளக்கைக் கழற்றினால் இளம் பழுப்பாக இருக்கும். வெளுத்திருந்தால் இன்னும் திறங்கள்.

இதற்குப் பிறகும் இழுவை போதவில்லை என்று தோன்றினால் எஞ்சினை விட்டுச் செயினைப் பாருங்கள். சாய்ந்து கிடந்த மரத்தில் ஒட்டிய மண் ஒரு நொடி பட்டாலே பல் மழுங்கும். அறுவைத்தூள் தேங்காய்த் துருவல்போல் விழ வேண்டும். மாவாக உதிர்ந்தால் அரம் போடும் நேரம் வந்துவிட்டது.