பூட்டை உடைக்கவில்லை, இடிந்த சுவர் வழியாகத்தான் போனோம்: குற்றமா?

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் கைவிடப்பட்ட கட்டடங்கள், பழைய சுரங்கப்பாதைகளுக்குள் போய் வீடியோ எடுப்பவர்கள். பல வருடங்களாக மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலைக்குள், சுற்றுச்சுவர் இடிந்திருந்த பக்கமாகச் சாயங்காலம் நுழைந்தோம். பூட்டு எதையும் உடைக்கவில்லை. வளாகத்துக்குள் இருந்த ஒரு நிலத்தடிக் கால்வாய் வழியாகப் பாய்லர் அறைக்குப் போனோம். இருட்டிய பிறகு வெளியே வரும்போது காவலாளி பிடித்துவிட்டார். மேலாளர் வந்து மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு நண்பனின் பையில் பழைய பித்தளை வால்வு இருந்தது. அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். மறுநாள் 'செக்யூரிட்டிக்கு டிமிக்கி' என்ற தலைப்பில் வீடியோவைப் போட்டோம். இப்போது காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் பிரிவு 35(3) நோட்டீஸும், நிறுவனத்திடமிருந்து நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸும் வந்துள்ளன. யாருக்கும் வேண்டாத கட்டடத்துக்குள் போனது குற்றமா? வீடியோவை அழித்துவிடலாமா? பாஸ்போர்ட், அரசு வேலைக்குச் சிக்கல் வருமா?

பதில்: முதலில் வீடியோ. அழிக்காதீர்கள். விசாரணை தொடங்கியது தெரிந்த பிறகு, சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அது கிடைக்கக் கூடாது என்று அழிப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 241இன் கீழ் தனிக் குற்றம். சிறிய வழக்கைப் பெரிதாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பொதுப் பார்வையிலிருந்து எடுத்து 'பிரைவேட்' ஆக்கலாம், அது அழிப்பதாகாது. மூலக் கோப்பு, எடுத்த நேரம் தெரியும் விவரங்களோடு, வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே இருக்கட்டும். அது உங்களுக்கே உதவக்கூடும். சுவர் ஏற்கெனவே இடிந்திருந்தது, கதவுகள் திறந்து கிடந்தன, நீங்கள் எதையும் உடைக்கவில்லை என்பதையெல்லாம் அந்தப் பதிவுதான் காட்டப்போகிறது.

அடுத்து, நுழைந்தது குற்றமா என்பது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நியாய சன்ஹிதா இருக்கிறது. அத்துமீறல் அதில் பிரிவு 329. அனுமதியில்லாமல் கால் வைத்ததால் மட்டும் அந்தப் பிரிவின்படி குற்றம் ஆகிவிடாது. ஒரு குற்றம் செய்யும் எண்ணத்தோடோ, அந்த இடத்தை வைத்திருப்பவரை மிரட்ட, அவமதிக்க, தொந்தரவு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடோ நுழைந்திருக்க வேண்டும். இந்த எண்ணம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் மாத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் தெளிவான அளவுகோல் கொடுத்திருக்கிறது. நுழைந்தால் உரிமையாளருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தால் போதாது. எரிச்சலூட்டுவதே நுழைந்ததன் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். பழைய சட்டத்தின் பிரிவு 441ஐப் பற்றிய தீர்ப்பு அது. ஆனால் அத்துமீறலின் வரையறை அப்படியே புதிய சட்டத்துக்கும் வந்திருப்பதால் இன்றைக்கும் பொருந்தும்.

ஆக, பழைய கட்டடத்தைப் பார்க்கவும் படம் எடுக்கவும் போனோம் என்பது நல்ல எதிர்வாதம். அதைக் கெடுப்பது உங்கள் தலைப்புதான். 'செக்யூரிட்டிக்கு டிமிக்கி' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பார்வையாளர்களை இழுக்கப் போட்ட வரி என்று நான் வாதாடுவேன், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் காவலாளியை ஏமாற்றுவதே இவர்கள் நோக்கம் என்று எதிர்த்தரப்பு அதே வரியைப் படித்துக் காட்டும். இடிந்த சுவரைவிட, கால்வாயைவிட, இந்த இரண்டு சொற்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். இப்படி வீடியோ எடுக்கும் இளைஞர்கள் தங்களுக்கு எதிரான வாக்குமூலத்தைத் தாங்களே பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

'யாருக்கும் வேண்டாத கட்டடம்' என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். கூரை இடிந்தாலும் உரிமை இடிவதில்லை. நிறுவனம் நொடித்துப்போயிருந்தால் சொத்து லிக்விடேட்டர் (அதை விற்றுக் கடனை அடைக்க நியமிக்கப்பட்டவர்) கையில் இருக்கும்; கடனுக்காக வங்கி 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி கையகப்படுத்தியிருக்கலாம். காவலாளி நிற்கிறார் என்றாலே யாரோ ஒருவர் அனுபோகத்தில் இருக்கிறார் என்றுதான் அர்த்தம். சரி, அந்த 'யாரோ' யார் என்பது உங்களுக்கும் முக்கியம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவருக்கு அந்த உரிமை உண்டா என்பதை உங்கள் வழக்கறிஞர் முதல் வேலையாகக் கேட்க வேண்டும்.

இப்போது அந்தக் கால்வாய். வெறும் அத்துமீறலுக்கு அதிகபட்சம் 3 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனிதர் குடியிருக்கும், அல்லது பொருள்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் கட்டடத்துக்குள் நுழைந்திருந்தால் சிறைக்காலம் 1 வருடம் வரை போகும். அப்படிப்பட்ட கட்டடத்துக்குள், ஆள் நுழைவதற்கென்று வைக்காத வழியில் போயிருந்தால் அது பிரிவு 330இன்படி கன்னமிடுதல் வகையில் சேரும். பூட்டை உடைத்தால்தான் கன்னமிடுதல் என்பது பலருடைய நினைப்பு. வடிகால், கேபிள் சுரங்கம், காற்றுத்துளை, ஏறிக் குதித்த மதில் எல்லாமே அதில் அடங்கும். தண்டனை பிரிவு 331இல்: 2 வருடம் வரை, சூரியன் மறைந்த பிறகு என்றால் 3 வருடம் வரை. நீங்கள் நுழைந்தது சூரியன் மறைவதற்கு முன்னாலா என்பதை வீடியோ கோப்பின் நேரம் சொல்லும். அதை அழிக்க வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் இது.

ஆனால் பயந்துவிடாதீர்கள். இந்தப் படிகள் எல்லாம் அந்த எண்ணம் என்ற முதல் படியின் மேல்தான் நிற்கின்றன. அது இல்லையென்றால் மேலே எதுவும் நிற்காது. அந்தக் கட்டடத்தில் இன்னும் இயந்திரங்களும் சரக்கும் வைத்துப் பூட்டியிருக்கிறார்களா, அல்லது வெறும் சுவர்களா என்பதும் வாதத்துக்குரிய கேள்வி.

வால்வு வேறு கதை. மதிப்பில்லாத பழைய இரும்பு என்று நாம் நினைப்பதும் ஒருவருடைய உடைமைதான். அனுமதியில்லாமல் எடுத்துப் பையில் போட்ட நிமிடமே திருட்டு முடிந்துவிடுகிறது; திருப்பிக் கொடுத்தது தண்டனையைக் குறைக்க உதவும், குற்றத்தை இல்லாமலாக்காது. மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை, பொருளும் திரும்பிவிட்டது என்றால் பிரிவு 303 சமூக சேவையைத் தண்டனையாக வைத்திருக்கிறது. ஆனால் பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடத்திலிருந்து எடுத்தது என்று பிரிவு 305ஐப் போட்டால் 7 வருடம் வரை பேச்சு போகும். மற்ற மூவருக்கும் அது தெரியாது என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கூடப் போனார்கள் என்பதற்காக மட்டும் திருடும் எண்ணம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்றாகிவிடாது. இங்கே உங்கள் நலனும் அந்த நண்பரின் நலனும் ஒன்றல்ல. அவர் தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்வது நல்லது. நட்புக்காக நான்கு பேரும் ஒரே பதிலை ஒப்பிக்க வேண்டாம்.

மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அது உறுத்துகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. மேலாளர் போலீஸ் அதிகாரி இல்லையே! அவரிடம் எழுதிக் கொடுத்தது சாட்சியமாக வரலாம். 'அனுமதியில்லாமல் வந்தது தவறு' என்று மட்டும் இருந்தால் பெரிய பாதகமில்லை. 'திருட வந்தோம்' என்ற பொருளில் எதையாவது அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வைத்திருந்தால், அடைத்து வைத்து எழுதி வாங்கினார்களா, யார் யார் இருந்தார்கள் என்பதை இன்றே குறித்து வையுங்கள்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ் வந்திருப்பது நல்ல செய்தி. இப்போதைக்குக் கைது தேவையில்லை என்று போலீஸ் கருதுகிறது என்பதே அதன் பொருள். சொன்ன தேதியில் ஆஜராகி ஒத்துழைத்தால், எழுத்தில் காரணம் பதிவு செய்யாமல் அந்தக் குற்றத்துக்காகக் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வக்கீல் நோட்டீஸில் கேட்கும் தொகையைப் பார்த்து மிரளாதீர்கள். அத்துமீறல் சிவில் தவறும்கூட. சேதமே இல்லாவிட்டாலும் வழக்குப் போடலாம். ஆனால் எதையும் உடைக்காதவரிடம் பெரிய நஷ்டஈட்டை நீதிமன்றம் கொடுக்காது. பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். அத்துமீறல், இடத்தை வைத்திருப்பவர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். அதனால் பணம் கொடுப்பதென்றால் சமரசத்தை எழுத்தில் பதிவு செய்து, காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ அது முறையாகப் போய்ச் சேரும்படிதான் கொடுக்க வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பாஸ்போர்ட்டுக்கு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது ஒரு தடை; விசாரணை நிலையில் இருக்கும் எஃப்.ஐ.ஆர். மட்டும் அப்படியல்ல. அரசு வேலையில் ஆபத்து வழக்கைவிட மறைப்பதில்தான் அதிகம். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், அற்பமான வழக்கை மன்னிக்கும் விருப்புரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு என்றது. படிவம் கேட்டால் உள்ளதை எழுதுங்கள்.

இனிமேலும் போகத்தான் போகிறீர்கள் என்று தெரிகிறது. எண்ணம் பற்றிய இந்த வாதம் எல்லா இடத்திலும் செல்லாது. ரயில்வே இடத்தில், சுரங்கம் உட்பட, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் நுழைந்தாலே 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் பிரிவு 147 போதும். எண்ணத்தை யாரும் கேட்க மாட்டார்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்தில் பெயர் கிறுக்கினால் 2 வருடச் சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். ராணுவத்தின் பழைய பதுங்குகுழி என்றால் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் வந்து நிற்கும், அங்கே கேமராவே வில்லங்கம். மண்ணுக்குள் பானையில் காசு கிடைத்தால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்லும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்: இங்கிலாந்தில் வெறும் அத்துமீறல் பெரும்பாலும் சிவில் விவகாரம்தான். பாரிஸின் நிலத்தடிக் கல்குவாரிச் சுரங்கங்களில் திறந்துவிட்ட பகுதிக்கு அப்பால் போவது 1955 முதலே தடை.

சுரங்கத்தில் சட்டத்தைவிட முதலில் ஆளைப் பிடிப்பது காற்று. மூடிய கால்வாயில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருந்தால், அளவு கூடும்போது அதன் நாற்றத்தை உணரும் திறனே போய்விடும். கூட்டிப்போனவரின் அஜாக்கிரதையால் ஒருவர் இறந்தால் நியாய சன்ஹிதாவின் பிரிவு 106, 5 வருடம் வரை சிறை. மறுபக்கமும் உண்டு. அத்துமீறி வருபவரைத் தடுக்க மின்சாரக் கம்பி வைத்து ஒரு பெண் இறந்த செருபின் கிரிகோரி வழக்கில், கம்பி வைத்தவருக்குக் கிடைத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அத்துமீறியவர் என்பதற்காக அவர் உயிருக்கு விலையில்லை என்றாகாது.

ஆஜராகும் நாளில் நோட்டீஸின் நகல், அடையாள அட்டை, வழக்கறிஞர் ஆகிய மூன்றும் கூட இருக்கட்டும். உங்கள் போனை போலீஸ் எடுத்துக்கொண்டால் பறிமுதல் மகஜரின் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணத்தின்) நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு அதை இடைக்காலமாகத் திருப்பித் தர மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம்.