அப்பாவைக் காரில் ஏற்றாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. போன வருடம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தோம். பெரிய ஆஸ்பத்திரி 25 கி.மீ. தள்ளி. திடீரென்று பேச்சுமூச்சில்லாமல் விழுந்துவிட்டால் 108-க்குக் காத்திருப்பதா, எங்கள் காரிலேயே கொண்டுபோவதா? தனியார் ஆம்புலன்ஸ்காரர் ஒருவர், "எனக்கு நேரா போன் போடுங்க" என்று கார்டு கொடுத்திருக்கிறார். (வாசகர், ஆத்தூர்)

பதில்: காரில் ஏற்றவும் வேண்டாம், சும்மா காத்திருக்கவும் வேண்டாம். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். இரண்டு அங்குல ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. மூளை நாலைந்து நிமிடத்துக்கு மேல் ரத்தமில்லாமல் தாங்காது. உங்கள் 25 கி.மீ. அதற்குள் முடியுமா? கார் சீட்டில் வைத்து அழுத்தினால் அமுங்குவது சீட்டுதான்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து இழுப்பார். "மூச்சு இருக்கு" என்று யாராவது சொல்ல, கையை எடுத்துவிடுவார்கள். அது மூச்சே இல்லை. விடாமல் அழுத்துங்கள். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்.

கிணற்றில் விழுந்தவர் கதை மட்டும் வேறு. அங்கே முதலில் தீர்ந்துபோனது காற்று. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு ஊதல். சிறு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். உங்கள் அப்பாவுக்கு இது தேவைப்படாது. ஆனால் உங்கள் ஊரில் கிணறு இருக்குமே.

சரி, அந்தக் கார்டு. "வண்டியில் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறதா? அதை இயக்கத் தெரிந்த ஆள் கூட வருவாரா?" என்று கேட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் இருப்பது சைரனும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும்தான். கமிஷன் தரும் ஆஸ்பத்திரிக்கே வண்டியைத் திருப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 108-க்குக் காசில்லை.

ஒரு வணிக வளாகத்தில், அதேபோல ஷாக் கொடுக்கும், யாரும் இயக்கக்கூடிய ஏஇடி பெட்டி எங்கே என்று கேட்டேன். மேலாளர் அறையில் பூட்டி வைத்திருக்கிறார்களாம், சாவி அவரிடமாம், அவர் லீவாம். திருட்டுப் போய்விடும் என்ற பயம்! நம் ஊரில் தீயணைப்பான் மாட்டினால் கணக்கு முடிந்தது. இதைக் கேட்பார் இல்லை.

பகலில் அப்பாவோடு வீட்டில் இருப்பது யார்? அம்மா என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தலையணையைத் தரையில் போட்டு, நெஞ்சை அழுத்துவது எப்படி என்று அவருக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுங்கள்.