ஒரே மேஜை, ஆறு கத்தரிக்கோல்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நாங்க ஆறு பேர் ஒவ்வொரு ரெண்டாவது சனிக்கிழமையும் ஒருத்தர் வீட்டு சாப்பாட்டு மேஜையைச் சுத்தி உக்காந்து ஸ்டாம்பிங் (அச்சுல மை தொட்டு அடிக்கறது), ஸ்கிராப்புக் (நினைவுகளை ஒட்டி அலங்கரிக்கற ஆல்பம்), மிக்ஸ்டு மீடியா (பெயின்ட், பேப்பர், மைன்னு கலந்து செய்யறது)ன்னு பேப்பரோட பொழுது போக்குறதப் பத்தி. அதுக்கு வந்த கேள்விகள்ல சிலது மட்டும் இங்க. மிச்சம் அடுத்த இதழ்ல கண்டிப்பா.

கேள்வி: அக்கா, நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் இதே மாதிரி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். ஆன்லைன்ல பாத்தா ஸ்டாம்ப் செட், டை கட்டிங் மெஷின், எம்பாஸிங் பவுடர், ஹீட் கன்னு லிஸ்ட் நீண்டுட்டே போகுது, மலைப்பா இருக்கு. முதல்ல எதை வாங்கறது?
– வாசகி, திருச்சி

பதில்: மூணு பேர் சேந்துட்டீங்கல்ல, பெரிய வேலை முடிஞ்சுது. ஆளுக்கு ஒரு செட் வாங்கவே வாங்காதீங்க, மூணு பேருக்கும் சேத்து ஒரு செட்தான். எங்க கூட்டத்துல சூடான காத்து அடிக்கற ஹீட் கன் ஒருத்தர்கிட்ட, பேப்பரை அச்சு வச்சு வடிவமா வெட்டற டை கட்டிங் மெஷின் இன்னொருத்தர்கிட்ட, வடிவம் வெட்டின தகடு, அதான் ஸ்டென்சில், எல்லாம் என்கிட்ட, இப்படி பிரிஞ்சு கிடக்கறதாலதான் மாசத்துக்கு ஒரு தடவையாவது எல்லாரும் கட்டாயம் கூடறோம், ஒருத்தர் வராட்டி அன்னிக்கு பவுடரை உருக்கி கோட்டை மேடா எழுப்பற எம்பாஸிங் கிடையாது.

முதல்ல வேண்டியது நல்ல கத்தரிக்கோல், கட்டர், ஒரு இரும்பு ஸ்கேல், டபுள் சைடு டேப், ஒரு கறுப்பு இங்க் பேட், அப்புறம் கெட்டியான பேப்பர். பேப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் எடைன்னு அர்த்தம்; ஜெராக்ஸ் பேப்பர் 75, 80 ஜிஎஸ்எம் தான் இருக்கும், அதுல பெயின்ட் வச்சா அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்கும். கார்டு செய்ய 220 ஜிஎஸ்எம்முக்கு மேல, பெயின்ட், பேஸ்ட் எல்லாம் பூசப்போறீங்கன்னா 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர். சென்னைக்கு வந்தா பாரிஸ் கார்னர் பக்கம் ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை போங்க, தெரு முழுக்க பேப்பர் கடையும் கல்யாணப் பத்திரிகை கடையும்தான். உங்க ஊர்லயே பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல வெட்டிப் போட்ட ஓரத் துண்டு மூட்டை மூட்டையா இருக்கும், கேட்டுப் பாருங்க, எங்களுக்கு ஒரு பிரஸ்காரர் அப்படி குடுத்த பை நிறைய துண்டு ரெண்டு வருஷமா ஓடிட்டிருக்கு. பாண்டிச்சேரி போறவங்ககிட்ட அரவிந்தர் ஆசிரமத்து கைவினைக் காகிதம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க, 1959லேர்ந்து அங்க செய்யறாங்க, பளிங்குல ஓடற மாதிரி கலர் ஓடற அந்த மார்பிள் பேப்பரை ஒரு தடவை கையில தொட்டீங்கன்னா வைக்க மனசு வராது.

வைக்க மனசு வராதுன்னு சொன்னேன்ல, அதுலதான் எங்க கூட்டத்தோட ஒரே சட்டம் இருக்கு. ஒவ்வொருத்தரும் வெட்ட மனசு வராம பத்திரப்படுத்தின ஒரு பேப்பரைக் கொண்டு வரணும், அன்னிக்கே அதை வெட்டணும், பாதியை பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுக்கணும். முதல் தடவை எனக்கு கை நடுங்குச்சு. எட்டு வருஷமா பீரோவுல வச்சிருந்த ஒரு ஷீட். அதோட பாதி இப்போ என் தோழியோட பொண்ணு பிறந்தநாள் ஆல்பத்துல இருக்கு, அவ வீட்டுக்குப் போறப்பல்லாம் எடுத்துப் பாப்பேன், பீரோவுக்குள்ளயே இருந்திருந்தா அது எனக்கே மறந்து போயிருக்கும்.

கேள்வி: பூ ஸ்டாம்ப் ஒண்ணு அடிச்சு உள்ள வாட்டர்கலர் பூசினேன், கறுப்பு கோடெல்லாம் கலைஞ்சு சாம்பல் குளமாயிடுச்சு. ஸ்டாம்ப் சரியில்லையா, எனக்குத்தான் தெரியலையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ரெண்டும் இல்லைங்க, இங்க் தான். கடையில வெறும் "கறுப்பு இங்க் பேட்"னு கேட்டா எதை வேணா குடுப்பாங்க, அதனால வகை தெரிஞ்சு வச்சுக்கோங்க. டை இங்க், அதாவது சாயம் கரைச்ச மை, சீக்கிரம் காயும், ஆனா பெரும்பாலும் தண்ணி பட்டா ஓடும். பிக்மென்ட் இங்க் கெட்டியா பேப்பர் மேலயே உக்காரும், காய நேரம் எடுக்கும். சால்வென்ட் இங்க், அதாவது கரைப்பான் கலந்த மை, ஸ்டேஸ்ஆன் பிராண்ட் மாதிரி, கண்ணாடி பிளாஸ்டிக் மேலகூட பிடிக்கும், காஞ்சப்புறம் தண்ணிக்கு அசையாது. வாட்டர்கலர் பூசணும்னா ஸ்டேஸ்ஆன் இல்லன்னா வெர்சாஃபைன் மாதிரி தண்ணிக்கு அசையாத பிக்மென்ட் இங்க் எடுங்க, வெர்சாஃபைனை மட்டும் நல்லா காய விடுங்க. அதுவே காப்பிக் மாதிரி ஆல்கஹால் மார்க்கரால கலர் பண்ணப்போறீங்கன்னா கதை தலைகீழ், ஸ்டேஸ்ஆன் கோடு அந்த ஆல்கஹால்ல கரைஞ்சுடும், அங்க மெமென்டோ டை இங்க் தான் சரி. தண்ணிக்கு ஓடற மெமென்டோ ஆல்கஹாலுக்கு நிக்குது, தண்ணிக்கு நிக்கற ஸ்டேஸ்ஆன் ஆல்கஹாலுக்கு ஓடுது, இதை ஒரு அட்டையில எழுதி இங்க் டப்பாவுக்குள்ள ஒட்டி வச்சுக்கோங்க.

இன்னொரு வழியும் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. காயாத இங்க் மேல எம்பாஸிங் பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டி கொட்டிட்டு ஹீட் கன் காட்டினா பவுடர் உருகி கோடு மேடா பளபளன்னு எழும்பும், அது கலருக்கு ஒரு வரப்பு மாதிரி நிக்கும், தண்ணி அதைத் தாண்டாது. ஹேர் டிரையர் வேண்டாம், சூடும் பத்தாது, காத்து பவுடரையும் அள்ளிட்டுப் போயிடும். பவுடர் உருகற அந்த நொடிய முதல் தடவை பாக்கும்போது ஃப்ரெண்ட்ஸைப் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க, ஆறு பேரும் ஒண்ணா "ஆ"ன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு.

ஒரு விஷயம், டிரான்ஸ்பரன்ட் ஸ்டாம்ப் வச்சிருந்தா வெயில் படற ஜன்னல் ஓரத்துல வைக்காதீங்க, மஞ்சளாகி இறுகிடும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான், வயசு 64. பக்கத்து வீட்டம்மாவும் நானும் பழைய கல்யாணப் பத்திரிகைகள வெட்டி ஒட்டி வாழ்த்து அட்டை செய்யறோம். வீட்ல "இந்த வயசுல கத்தரிக்கோலும் பசையுமா"ன்னு கேக்கறாங்க. இதுக்கெல்லாம் ஒரு வயசு இருக்கோன்னு எனக்கே தோணுது.
– வாசகி, மதுரை

பதில்: டீச்சரம்மா, உங்க கடிதத்தை மேஜையில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். உங்களுக்கு ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லணும். இங்கிலாந்துல மேரி டெலானின்னு ஒருத்தங்க, 1700ல பிறந்தவங்க. 1768ல வீட்டுக்காரர் போயிட்டார், அதுக்கப்புறம் வருஷத்துல பாதி நாள் தன் தோழி, போர்ட்லண்ட் சீமாட்டி, அவங்களோட புல்ஸ்ட்ரோட்ங்கற மாளிகையில போய் இருப்பாங்க. அந்தத் தோழிக்கு செடி, சிப்பி, பூச்சின்னு எல்லாத்து மேலயும் அப்படி ஒரு ஆசை, வீட்ல எப்பவும் தாவரம் படிச்ச ஆளுங்க வந்து போயிட்டே இருப்பாங்க. 1772ல, 72 வயசுல, மேரி டெலானி ஒரு ஜெரேனியம் பூவைப் பாத்துட்டு அதே சிவப்புல ஒரு காகிதத்தை எடுத்து இதழ் இதழா வெட்ட ஆரம்பிச்சிருக்காங்க, அந்தப் பக்கம் வந்த தோழி அதை நிஜப் பூ இதழ்னே நினைச்சுட்டாங்கன்னு சொல்வாங்க. அங்க பிடிச்சது, பத்து வருஷம் நிறுத்தல. கறுப்பு பூசின காகிதத்து மேல நூத்துக்கணக்கான சின்னச் சின்ன துண்டா ஒட்டி ஒட்டி, பேஷன்ஃப்ளவர்ங்கற ஒரு பூவுல மட்டும் 200க்கு மேல இதழ்த் துண்டு. ராஜா மூணாம் ஜார்ஜும் ராணியும்கூட லண்டன் க்யூ தாவரத் தோட்டத்துலேர்ந்து செடி அனுப்பி வச்சாங்க. 82 வயசுல கண் பார்வை மங்கினப்புறம்தான் கத்தரிக்கோலைக் கீழ வச்சாங்க. அவங்க செஞ்ச 985 பூ இன்னிக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, கிட்டத்தட்ட 250 வருஷம் ஆச்சு.

அந்தம்மா ஆரம்பிச்ச வயசுக்கு உங்களுக்கு இன்னும் 8 வருஷம் இருக்கு. பக்கத்து வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க, போர்ட்லண்ட் சீமாட்டி இல்லன்னா மேரி டெலானி அந்த முதல் பூவை வெட்டியே இருப்பாங்களான்னு நான் அடிக்கடி யோசிப்பேன். வீட்ல கேக்கறவங்களுக்கு பதில் வேணும்னா அவங்க பேர் போட்டு ஒரு அட்டை செஞ்சு குடுங்க, நிறைய பேர் அதுல அடங்கிடுவாங்க.

கேள்வி: தமிழ் எழுத்துல ஸ்டாம்ப் தேடித் தேடி அலுத்துட்டேன், எங்க பாத்தாலும் ஹாப்பி பர்த்டே தான். பிள்ளைகளுக்கு அ, ஆ அடிச்சு ஆல்பம் செய்யணும்.
– வாசகி, டொரான்டோ

பதில்: நீங்களே செதுக்குங்க, உண்மையிலயே முடியும். பெரிய ரப்பர் ஒண்ணு, பென்சில் எழுத்தை அழிக்கற அதே ரப்பர்தான், எழுத்தை டிரேசிங் பேப்பர்ல பென்சிலால அழுத்தி எழுதி, அந்தப் பக்கத்தைக் கவுத்து ரப்பர் மேல தேச்சா எழுத்து தானாவே கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி விழுந்துடும், அதைச் சுத்தி இருக்கறத செதுக்கிட்டா போதும். 'ப', 'ட' மாதிரி நேர்க்கோடு எழுத்துல ஆரம்பிங்க, 'ழ'வுக்கும் 'ஞ'வுக்கும் கடைசியா வாங்க, சுழி திரும்பற இடத்துல பிளேடைத் திருப்பாம ரப்பரைத் திருப்பணும், அதுதான் சூட்சுமம். பெரிய வரி வேணும்னா ஊர்ல யாராவது வரும்போது ஆபீஸ் சீல் செய்யற கடையில எழுதிக் குடுத்தா அச்சா செஞ்சு தருவாங்க, எங்க கூட்டத்துல ஒருத்தர் தன் பாட்டி போட்ட 7 புள்ளி சிக்கு கோலத்தை அப்படி சீல் ஆக்கி வச்சிருக்காங்க, அவங்க செய்யற எல்லா கார்டுலயும் ஒரு மூலையில பாட்டி இருப்பாங்க.

பிள்ளைகளோடன்னு சொன்னீங்க, வெண்டைக்காயை குறுக்க வெட்டி பெயின்ட்ல தொட்டு வைக்கச் சொல்லுங்க, அஞ்சு இதழ் பூ தயார். வாழைத்தண்டு கிடைச்சா இன்னும் அழகு.

கேள்வி: என் மிக்ஸ்டு மீடியா ஜர்னல்ல அக்ரிலிக் பூசின பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பிரிச்சா கலர் உரிஞ்சு வருது. அழுகையா வந்துச்சு.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: கடலோர ஊர்ல இருக்கற எல்லாருக்கும் இது நடக்கும். அக்ரிலிக் காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் சூட்டுலயும் புழுக்கத்துலயும் லேசா பிசுபிசுன்னே இருக்கும், மேல கனம் வச்சா இன்னொரு அக்ரிலிக்கோட ஒட்டிக்கும். பெயின்ட் மெல்லிசா பூசுங்க, முழுசா காய ரெண்டு மூணு நாள் திறந்தே வைங்க, காஞ்சப்புறம் டால்கம் பவுடர் ஒரு சிட்டிகை தேச்சு துடைச்சுடுங்க, நடுவுல பட்டர் பேப்பர் வச்சு மூடுங்க, படுக்க வைக்காம நிக்க வைங்க. உரிஞ்ச இடத்தைத் தூக்கிப் போடாதீங்க, அது மேல ஒரு ஸ்டென்சில் போட்டு ஜெஸ்ஸோ, அதான் பெயின்ட்டுக்கு அடியில பூசற வெள்ளைப் பூச்சு, தடவுங்க, என் ஜர்னல்லயே நான் அதிகமா நேசிக்கற ரெண்டு பக்கம் அப்படி உரிஞ்சதுதான்.

கேள்வி: நாலு பேர் சேந்து செய்யறோம், அதுல ஒருத்தி நான் என்ன செஞ்சாலும் அப்படியே செஞ்சு முதல்ல போட்டோ போட்டுடறா. சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல.
– பேர், ஊர் வேண்டாம்

பதில்: வருத்தமாத்தான் இருக்கும், அதைச் சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரே மேஜையில ஒரே இங்க்ல வேலை செஞ்சா கை ஒட்டத்தான் செய்யும், பாதி நேரம் அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. தனியா கூப்பிட்டு "எனக்கு இது கஷ்டமா இருக்குடி, ஒரு நாள் பொறுத்துப் போடு"ன்னு நேராவே சொல்லிடுங்க. கூடவே ஒண்ணு செஞ்சு பாருங்க: ஏடிசி, ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு. 1997ல ஸ்விட்சர்லாந்து சூரிக்ல ஸ்டிர்னேமான்ங்கற கலைஞர் ஆரம்பிச்சது, சீட்டுக்கட்டு சைஸ், 64க்கு 89 மில்லிமீட்டர், விக்கவே கூடாது, கைமாத்திக்கத்தான் செய்யணும். நாலு பேரும் ஆளுக்கு நாலு கார்டு வீட்லயே செஞ்சு, யாருக்கும் காட்டாம கவர்ல போட்டு வந்து அன்னிக்கு மேஜையில திறந்து மாத்திக்கோங்க. எங்ககிட்ட இருந்த இதே மாதிரி ஒரு மனத்தாங்கல் மூணாவது மாத்தல்ல கரைஞ்சுது. ஆறு பேருக்கும் ஒரே தலைப்பு, மழைன்னு, வந்து விழுந்த ஆறும் ஆறு ஊர் மழை.

கேள்வி: அப்பாவோட கடைசியா போன பயணத்து பஸ் டிக்கெட், ஓட்டல் பில் எல்லாம் வச்சிருக்கேன். ஸ்கிராப்புக்ல ஒட்டி மேல பளபளக்காத மாட் வார்னிஷ் பூசிட்டா பத்திரமா இருக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: பூசாதீங்க, ஒட்டவும் ஒட்டாதீங்க, கொஞ்சம் பொறுங்க. மெஷின்லேர்ந்து சுருள் பேப்பர்ல வர்ற டிக்கெட், பில் நிறைய தெர்மல் பேப்பர். அதுல மையே கிடையாது, சூட்டுல கறுக்கற ஒரு பூச்சுதான். வெளிச்சத்துல, பிளாஸ்டிக் கவருக்குள்ள, பசை பட்டா, வார்னிஷ் பட்டா எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாயிடும், ஹீட் கன் பட்டா மொத்தமும் கறுத்துடும். விரல் நகத்தால ஓரத்துல லேசா கீறிப் பாருங்க, கறுப்பு கோடு விழுந்தா தெர்மல் தான். எனக்கு இது தெரியாம ஒரு டிக்கெட் போச்சு, அதனால சொல்றேன், இன்னிக்கே கிளம்பிப் போய் கலர் ஜெராக்ஸ் எடுங்க, கூடவே நல்ல வெளிச்சத்துல போட்டோவும். ஆல்பத்துல அந்தப் பிரதியை ஒட்டுங்க. அசலை ஒரு சாதாரண பேப்பர் கவர்ல போட்டு, அந்தப் பக்கத்துக்குப் பின்னாலயே சொருகி வைங்க, கவர் மேல தேதியும் ஊரும் உங்க கையெழுத்துல இருக்கட்டும்.