இரண்டு தனிமைகள்

கேள்வி: ஐசொலேஷன், குவாரன்டைன் இரண்டையுமே தமிழில் ‘தனிமைப்படுத்தல்’ என்றுதான் எழுதுகிறார்கள். நிஜமாகவே வித்தியாசம் உண்டா, இல்லை டாக்டர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களா?

பதில்: உண்டு. நோய் வந்தவரைப் பிரித்து வைத்தால் ஐசொலேஷன். நோயாளியோடு பழகியிருக்கிறார், ஒட்டியிருக்குமோ என்று சந்தேகம், ஆனால் ஆள் இப்போதைக்குத் திடமாகத்தான் நடமாடுகிறார். அவரைப் பிரித்து வைத்தால் குவாரன்டைன். இடையில் நோய் உறுதியானால் அவரும் ஐசொலேஷனுக்கு மாறிவிடுவார். அவ்வளவுதான்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது குவாரன்டைனின் பூர்வீகம். 1377இல், பிளேக் பயத்தில், இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா துறைமுக நகரம் ஒரு சட்டம் போட்டது. நோய் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் உள்ளே வரலாம். பிற்பாடு அது 40 ஆனது. வெனிஸ்காரர்கள் அந்த நாற்பது நாளுக்குச் சொன்ன பெயர்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இன்று ஐந்தே நாள் உட்கார வைத்தாலும் பெயர் என்னவோ நாற்பதுதான்! ஐசொலேஷனின் வேர் லத்தீனில் தீவைக் குறிக்கும் சொல், அதுவும் பொருத்தம்தான்.

சரி, ஒரு பரீட்சை. 1969இல் நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ 11 வீரர்களை, அங்கிருந்து கிருமி எதுவும் கூடவே வந்திருக்குமோ என்று பயந்து, நிலவை விட்டுக் கிளம்பியதிலிருந்து 21 நாள் கணக்கு வைத்துத் தனியாகப் பூட்டி வைத்தார்கள். மூவருக்கும் தும்மல்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எது? விடை உங்களுக்கே தெரியும்.