நீங்கள் ஈப்போ போகும் நாளில் பட்டறை ஏன் நிற்கிறது?

சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "ஐந்து பையன்கள் வேலை செய்கிறார்கள். நான் சாமான் வாங்க ஈப்போ போனால் அன்றைக்கு வேலை அப்படியே நின்றுவிடும். போன வருடம் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். எப்படித்தான் வேலை வாங்குவது?"

நீங்கள் இல்லாதபோது எந்த முடிவை யார் எடுக்கலாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் நம் தாத்தாமார் பார்த்தது கங்காணி வேலை வாங்கிய விதம். அவர் கண் இருக்கும்வரை கை ஓடும். அதையே நாம் பட்டறைக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

ஆனால் தோட்டத்துப் பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்தில், ஒரு நல்லது இருந்தது. விடியும்போதே அவரவர் வேலை அவரவருக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடை திறந்ததும் பத்து நிமிடம், ஒரு வெள்ளைப் பலகையில் வண்டி எண், என்ன வேலை, யார் பொறுப்பு, எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் பையன்களையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

அப்புறம் மூத்த பையனுக்கு ஓர் எல்லை வையுங்கள். 200 ரிங்கிட் வரை சாமான் வாங்க உங்களைக் கேட்க வேண்டாம், அதற்கு மேல் போனால் போன் பண்ணட்டும். அவன் எடுத்த முடிவு தப்பாகப் போனாலும் முதல் தடவை நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது முடிவை அவன் எடுக்கவே மாட்டான்.

நான் கணக்குப் பார்த்த ஒரு பட்டறையில், எண்ணெய் மாற்றிய பையன் அடி நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டான். வண்டிக்காரர் வழியெல்லாம் எண்ணெய் சொட்டத் திரும்பி வந்தார். முதலாளி எல்லார் முன்னாலும் "டேய்" என்று கத்தினார். அன்று முதல் அந்தப் பையன்கள் தப்பை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். திருத்துவதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மச்சான் மகன் தாமதமாக வந்தாலும் அதே பேச்சுதான், அதே அபராதமில்லாத எச்சரிக்கைதான்.

சம்பளத்தில் மட்டும் சாக்கே வேண்டாம். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேர் உள்ள கடைக்குக் குறைந்தபட்சம் 1,700 ரிங்கிட். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டுவதையும் தள்ளிப்போடாதீர்கள். நின்றுபோன அந்த இருவருக்கும் இதில் ஏதாவது பாக்கி இருந்ததா என்று பாருங்கள்.

உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் அந்தச் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதம் பத்து ரிங்கிட் எடுத்துக் கொடுத்தார்கள். சொன்ன சொல் நிற்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். உங்கள் பையன்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை ஈப்போ போகும்போது மதியம் வரை நீங்களாகப் போன் பண்ணி விசாரிக்காதீர்கள். திரும்பி வந்ததும் பலகையைப் பாருங்கள். எந்த வண்டி நின்றிருக்கிறதோ, அந்த வேலையை முடிவெடுக்கும் உரிமையோடு இன்னும் யாருக்கும் நீங்கள் கொடுக்கவில்லை. மறுநாள் காலைப் பேச்சை அந்த வண்டியிலிருந்து தொடங்குங்கள்.