லொஃப்ட் அறைச் சுவருக்கு 50 மி.மீ. போதுமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில், பழைய செங்கல் தொடர்வீடுகளின் வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. லொஃப்டில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில், ஒரு படுக்கையறை எடுக்கிறோம். சுவர்களுக்கு 50 மி.மீ. இன்சுலேசன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும்) போர்டு அடித்தால் போதும் என்கிறார் பில்டர். சரிதானா?

பதில்: போதாது. பில்டர் "சுவர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உங்கள் லொஃப்டில் வரப்போவது நான்கு விதச் சுவர், ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

சுவர் வழியே வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் காட்டும் எண் யு-வல்யூ. அது குறையக் குறைய நல்லது. இங்கிலாந்தில் 2022 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ள பார்ட் எல் என்ற கட்டட விதிப்படி, புதிதாக எழுப்பும் சுவர் 0.18 ஆக இருக்க வேண்டும். இருக்கிற சுவரையே அறைக்குச் சுவராக்கினால் 0.30.

டோர்மரின், அதாவது கூரையிலிருந்து வெளியே நீட்டிக் கட்டும் ஜன்னல் பகுதியின், பக்கச் சுவர்கள் புதியவை. 100 மி.மீ. மரச்சட்டங்களுக்கு இடையே 100 மி.மீ. பிஐஆர் (கடின நுரை இன்சுலேசன்) போர்டு, அதன்மேல் உட்புறமாக இடைவெளியில்லாமல் இன்னொரு 50 மி.மீ. வைத்தால் 0.18க்குள் வரும். அந்த மேல் அடுக்கில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மரச்சட்டங்களை மூடுவது அதுதான்; பிஐஆரைவிட மரம் ஐந்தாறு மடங்கு வெப்பம் கடத்தும்.

வெளிப்பக்கக் கேபிள் சுவர் (வீட்டின் ஓரத்தில் கூரை வரை முக்கோணமாக ஏறும் சுவர்) 9 அங்குலச் செங்கல் என்றால் இப்போது அதன் யு-வல்யூ ஏறக்குறைய 2.1. அதை 0.30க்குக் கொண்டுவர 65 முதல் 70 மி.மீ. பிஐஆர் தேவை.

அதிகம் பிழை நேர்வது கூரைச் சரிவின் அடியில் வரும் குட்டைச் சுவரில்தான். அதன் பின்னால் இருப்பது குளிர்ந்த வெற்றிடம், ஆகவே அதுவும் 0.18 சுவர். சுவரை மட்டும் மூடினால் வேலை பாதிதான். பின்னாலுள்ள தரைக்கும் இன்சுலேசன் வேண்டும். சுவருக்கு நேர் கீழே, ஜொயிஸ்டுகளுக்கு (தரையைத் தாங்கும் மர உத்தரங்களுக்கு) இடையில் இருக்கும் சந்துகளைப் போர்டு வெட்டி அடைக்க வேண்டும். அடைக்காத ஒரு வீட்டில் ஜனவரியில் கார்பெட் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்; பலகை இடுக்கால் காற்று விரலில் பட்டது. ஹீட்டர் நாள் முழுக்க ஓடியும் அந்தப் பிள்ளைகள் ஜக்கெட்டோடு படித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டாரோடு பொதுவான சுவர்: அவர்களும் லொஃப்டை அறையாக்கியிருந்தால் வெப்பக் கவலை குறைவு, சத்தம்தான் பிரச்சினை. அது வெறும் லொஃப்டாக இருந்தால் அந்தப் பக்கம் குளிர். எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று பில்டிங் கொன்ட்ரோல் (கட்டட விதிகளைச் சரிபார்க்கும்) அதிகாரியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்தச் சுவரில் பீம் ஏற்றுவதானால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் சட்டப்படி இரண்டு மாதத்துக்கு முன்பே அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. சோறு வடிக்கும் ஆவியும் குளியலறை ஆவியும் மாடிக்குத்தான் ஏறும். போர்டு மூட்டுகளில் ஃபொயில் டேப் ஒட்டாவிட்டால் அந்த ஈரம் குளிர்ந்த செங்கலில் போய்ப் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டர்போர்டு ஏறுவதற்கு முன் அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு சுவரையும், டேப் ஒட்டிய மூட்டுகளோடு, நீங்களே படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.